பாடியவர்: கிராமத்துத் தாய்

ஜெகதீஸ்வரிக்குப் பாராட்டு விழா என்று அழைப்பிதழ் வந்த அன்றுதான் ஒச்சம்மாளும் வந்து சேர்ந்தாள். அழைப்பிதழ் கூரியரில் வந்தது. ஒச்சம்மாள் திருச்சுழியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் இறங்கி, டவுன் பஸ் மாறி, பாளையம்பட்டியில் நாலு பேரிடம் வழி கேட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

அழைப்பிதழில் ஜெகதீஸ்வரியின் பழைய படம் ஒன்றைப் பெரிதாகப் போட்டு, கீழே 'மண்ணின் இசையை உலகறியச் செய்த குரலரசி' என்று அச்சடித்திருந்தார்கள். குரலரசியாம்! படித்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழா எடுப்பது 'குரல்வாசல்' என்ற சென்னைக் கம்பெனி. எஃப்.எம்.மும் அவர்களே, போனில் பாட்டுக் கேட்கும் ஆப்பும் அவர்களே. அவளோடு பதினைந்து வருஷத்துக்கு மேல் பத்திரிகை நடத்திய ஹரிஹரசுதன் இப்போது அங்கேதான் பெரிய பதவியில் இருக்கிறான்.

"உக்காருங்கக்கா, தண்ணி குடிங்க" என்றாள் ஜெகதீஸ்வரி. ஒச்சம்மாள் உட்காரவில்லை. நின்றவாக்கில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் தாயி, எம்பாட்ட ஊரெல்லாம் போடச் சொன்னியா?"

"எந்தப் பாட்டுக்கா?"

"எனக்கு எத்தன பாட்டு இருக்கு? எம்பிள்ளைக்குப் பாடுனதுதான். பக்கத்து வீட்டு நாகஜோதிக்குப் பிள்ளை பெறந்து மூணு மாசமாகுது. தெனம் மத்தியானம் போனுல அந்தப் பாட்டப் போட்டுத் தொட்டில ஆட்டுறா தாயி. தாலாட்டாம்ல அது?"

ஜெகதீஸ்வரி போனை எடுத்துக் குரல்வாசலைத் திறந்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. முதல் பக்கத்திலேயே இருந்தது. தொட்டில் படம் ஒன்று. 'மண்வாசனைத் தாலாட்டு'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பாடியவர்: கிராமத்துத் தாய்'.

அவள் வாழ்நாள் முழுக்க எதை எதிர்த்துக் கத்தினாளோ அதைக் கொண்டுவந்து அவள் முகத்திலேயே அப்பியது போலிருந்தது.

மதுரையில் ஒரு நாளிதழில் இசை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவள் ஜெகதீஸ்வரி. சபாவுக்குப் போய்க் கச்சேரி கேட்டு, பாடகியின் புடவைக் கரை வரைக்கும் வர்ணித்தால் ஆசிரியருக்கு மனம் குளிர்ந்துவிடும். ஒருமுறை திருச்சுழியில் திருவிழாவுக்குப் போய்ப் பெரிய நாதஸ்வரக் கச்சேரியைக் கேட்டு எழுதினாள். வாசித்தவர், தவில்காரர், பின்னால் உட்கார்ந்து முழுக் கச்சேரிக்கும் மூச்சு விடாமல் ஒரே சுருதியை ஒத்துக்குழலில் ஊதியவர், மூவர் பெயரையும் எழுதினாள். ஆசிரியர் மூன்றாவது பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். "ஒத்து ஊதுறவன் பேரெல்லாம் யாரும்மா கேட்டா?" என்றார். ஜெகதீஸ்வரி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சொந்தப் பத்திரிகை ஆரம்பித்தாள். பெயர் 'ஒத்து'.

அந்தப் பத்திரிகையில் சட்டம் ஒன்றுதான். பெயர் இல்லாமல் ஒரு வரியும் வராது. பம்பை அடிப்பவர், உறுமி தேய்ப்பவர், கரகம் எடுப்பவர், குலவை போடும் கிழவி, யாராக இருந்தாலும் பேரும் ஊரும் வர வேண்டும். திருவிழா நோட்டீஸில் பந்தல் போட்டவன் பெயர் இருக்கும், சீரியல் செட் மாட்டியவன் பெயர் இருக்கும், மேளக்காரர் பெயர் மட்டும் இருக்காது. 'ஒத்து'வில் இருக்கும். "அது பத்திரிகையா, வாக்காளர் பட்டியலா?" என்று டவுனில் கேலி பேசியவர்கள் உண்டு. பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு கல்லூரி ஒன்று நடத்திய சமுதாய வானொலியில் ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சி. கூடவே ஹரிஹரசுதன். அவள் பேசுவாள், அவன் பதிவு செய்வான். பாட்டின்மேல் பேச்சு விழுவது அவளுக்குப் பிடிக்காது. அதனால் பதிவில் பாட்டு மட்டும்தான் இருக்கும். பாடியவர் யார், எந்த ஊர், எதற்காகப் பாடியது என்பதை அவளே நேரலையில் சொல்லிவிட்டுத்தான் பாட்டை ஓட விடுவாள்.

ஒச்சம்மாளின் பாட்டையும் அப்படித்தான் பதிவு செய்தார்கள். நூறு நாள் வேலையில் கண்மாய்க்கரையில் மண் வெட்டிக்கொண்டிருந்தவள், சாப்பாட்டு நேரத்தில் வேலமரத்து நிழலில் உட்கார்ந்து பாடினாள். எட்டு மாதத்தில் காய்ச்சலில் போன பிள்ளைக்கு அவள் கட்டிய ஒப்பாரி அது. கைக்குழந்தையைப் புதைக்கும்போது பெற்றவளை யாரும் கூட்டிப் போகவில்லை. ஊருக்கு வெளியே கருவேலங்காட்டுக்குள் எந்த இடம் என்றுகூட அவளுக்குக் காட்டவில்லை.

*கருவேலங் காட்டுக்குள்ள கண்ணசந்த ராசாவே*
*ஆத்தா கூப்புட்டும் அசையாமத் தூங்குறியே*
*எழுப்பாதீக எம்மகன யாரும் எழுப்பாதீக...*

அடுத்த வரியில், 'மாரிச்செல்வம்' என்று பிள்ளையின் பெயரைச் சொல்லும்போது, அவள் குரல் உடைந்து போனது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஹரிஹரசுதன் தேம்பித் தேம்பி அழுதான். ஒச்சம்மாளே அவனைத் தேற்ற வேண்டியிருந்தது.

"வருசத்துக்கு ஒருக்கா, பங்குனிப் பொங்கலுக்கு மறுநாத்தான் போடணும். அன்னைக்குத்தான் போனான். பேரச் சொல்லிட்டுப் போடு. என்னயத் தவிர இன்னொரு வாயும் அவம்பேரச் சொல்லணும், அதுக்குத்தான் பாடுனேன்" என்றாள் ஒச்சம்மாள். வானொலி மூடப்படும்வரை ஜெகதீஸ்வரி ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை.

வானொலியை மூடியதும் ஹரிஹரசுதன் சென்னைக்குக் கிளம்பினான். "பதிவெல்லாம் பத்திரமா இருக்கணும்க்கா. கம்பெனில வச்சா அழியாது. ஒங்களக் கேக்காம ஒண்ணக்கூட வெளிய விடமாட்டேன்" என்று சௌடேஸ்வரி அம்மன் கோயில் வாசலில் வைத்து வாக்குக் கொடுத்தான். அந்த வாக்கின் லட்சணம்தான் இப்போது தொட்டில் படத்தோடு அவள் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி வரியை வெட்டிவிட்டிருந்தார்கள். குரல் உடைந்த இடமும் பிள்ளையின் பெயரும் அதில் போயிருந்தன. முதல் மூன்று வரிகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நடுவில் சலங்கை ஒன்றைக் குலுக்கியிருந்தார்கள்.

விவரம் தெரியாதவன் தவறிப்போய்த் தாலாட்டு என்று நினைத்திருந்தால்கூட மன்னிக்கலாம். சரியாக அந்த இடத்தில் வெட்டியவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஜெகதீஸ்வரி அங்கேயே ஹரிக்குப் போன் போட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு வீட்டுப் பாஷைதான் வரும். கன்னடத்தில் அவனையும் அவன் கம்பெனியையும் ஒரு பிடி பிடித்தாள். அவனும் அதே பாஷைக்காரன்தான். ஆனாலும் பக்கத்தில் யாரோ இருந்தார்கள் போல. தேன் தடவிய தமிழில் பதில் சொன்னான்.

"அக்கா, டென்ஷன் ஆகாதீங்க. நம்ம ஆப்புல அதுதான் நம்பர் ஒன். விழாவுக்கு வர்றேன்ல, நேர்ல பேசிக்கலாம்."

போனை வைத்துவிட்டு ஜெகதீஸ்வரி ஒச்சம்மாளிடம் திரும்பினாள். "அக்கா, விழாவ அவன் ரேடியோவுலயே லைவ்வாப் போடுறான். மேடையேறி அவன் யோக்கியதைய நாறடிக்கிறேன். இது தாலாட்டு இல்லடா, எழவுப் பாட்டுடான்னு ஊரறியச் சொல்லப் போறேன். நீங்க முன் வரிசைல வந்து உக்காருங்க."

ஒச்சம்மாள் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தாடி, சொல்லிராத தாயி! ஊர்ல எத்தன பிள்ளைத்தாச்சி, எத்தன பச்ச ஒடம்புக்காரி இந்தப் பாட்டப் போட்டுப் பிள்ளையத் தூங்க வச்சிருப்பாளுக? எழவுப் பாட்டுன்னு தெரிஞ்சா அவளுகளுக்கு ஈரக்கொல நடுங்கிப் போகும். நாளைக்குப் பிள்ளைக்கு லேசா மேலு சுட்டாலும் அந்தப் பாட்டாலதான்னு நெனச்சே செத்துருவாளுக. அந்தப் பயம் என்னன்னு எனக்குத் தெரியும். சத்தங்காட்டாம நிப்பாட்டிரு."

"அப்ப அவன சும்மா விடச் சொல்றீகளா? ஒங்க பேரு, பிள்ளை பேரு..."

"பேரு கெடக்கு. நாகஜோதி பிள்ளைக்கு அந்தப் பாட்டு வேணாம். அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு, வைத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எத்தனையோ பேர் ஜெகதீஸ்வரியின் வாயை அடைக்கப் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் அடங்காத வாய் அது. இன்று அடக்கச் சொன்னவள் ஒச்சம்மாள். அவளை எதிர்த்து என்ன பேசுவது? அந்த ஆத்திரத்தில் ஜெகதீஸ்வரி அழைப்பிதழைச் சுக்குநூறாகக் கிழித்தாள்.

விழா அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஹரியை நேரில் பிடிப்பதற்காகவே ஜெகதீஸ்வரி போனாள். வாசலில் அவளுக்கு ஆள் உயரத்தில் பேனர். மணமகள் அறையில் ஹரிஹரசுதன் சால்வைகளை எண்ணிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் காலைத் தொட்டுக் கும்பிட வந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"அந்தப் பாட்ட இப்பவே எடுடா."

"அக்கா, நான் வேலைக்காரன். அதுல கை வச்சா மேல உள்ளவன் என் சீட்டைக் கிழிச்சிருவான்."

"கடைசி வரிய வெட்டுனது யாரு? நீதான? அன்னைக்கு அழுதியேடா, அந்தக் கண்ணீரும் நடிப்புத்தானா?"

அவன் முகம் ஒரு நொடி செத்துப் போனது. உடனே தெளிந்துகொண்டான். "சரிக்கா, இப்படிச் செய்வோம். நீங்க மேடையில உண்மையப் போட்டு உடைங்க. நானே சொல்றேன், உடைங்க. ஒச்சம்மாக்காவ வரவழைச்சு, அந்தப் பிள்ளை கதைய அவங்க வாயாலயே சொல்ல வச்சு, நாலு எபிசோடு போட்டா தமிழ்நாடே அழும்க்கா. பேரும் போட்டாப்ல இருக்கும், உங்களுக்கும் திருப்தி."

ஜெகதீஸ்வரிக்கு அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது. இவனை நாறடிக்க வேண்டும் என்று அவள் நினைத்ததைத்தான் இவன் சந்தனம் மாதிரி எடுத்துப் பூசிக்கொள்ளக் காத்திருக்கிறான். மேடையேறி அவள் எவ்வளவு கத்தினாலும் அது அவனுக்கு ஒரு நிகழ்ச்சி. சத்தங்காட்டாமல் நிறுத்தச் சொன்ன ஒச்சம்மாள்தான் சரி.

"எபிசோடும் வேணாம், எழவும் வேணாம். ஒங்க மேல உள்ளவனுக்கு என்ன குடுத்தா பாட்ட எடுப்பான்? அதச் சொல்லு."

அவன் தயங்கவே இல்லை. தயாராக வைத்திருந்த பதில். "'ஒத்து'க்கா. பேரு, பழைய இதழ், எல்லாத்தையும் கம்பெனி ஒரு வருஷமாக் கேக்குதுல்ல. நீங்க மாட்டேன்னுட்டீங்க. இன்னைக்கு லைவ்ல குடுக்குறேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, அடுத்த நிமிஷம் பாட்டு போயிரும். திரும்ப வரவும் வராது."

அவள் உழைத்து உருவாக்கிய ஒரே சொத்து அது. கல்யாணம் காட்சி என்று எதையும் பாராமல், சொந்த பந்தம் முறைத்துக்கொண்டாலும் விடாமல், ஒவ்வொரு பெயராகச் சேர்த்த பத்திரிகை. இனி அதில் 'கிராமத்துக் கலைஞர்', 'நாட்டுப்புறக் குழு' என்று போடுவார்கள். போட்டே தீருவார்கள். அவளுக்குத் தொண்டை வரைக்கும் கெட்ட வார்த்தை வந்து நின்றது. நாகஜோதி வீட்டில் இது பிள்ளையைத் தொட்டிலில் போடும் நேரம் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"மொதல்ல எடு. அப்புறந்தான் சொல்லுவேன்" என்றாள்.

அவன் யார் யாருக்கோ பேசினான். கொஞ்ச நேரத்தில் போனை அவளிடம் நீட்டினான். முதல் பக்கத்தில் தொட்டில் படம் இல்லை. அவள் மூன்று விதமாகத் தேடிப் பார்த்தாள். இல்லை.

மேடையில் சால்வை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள், ஆறடிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மைக் அவள் கைக்கு வந்தது. இத்தனை வருஷமாக மைக்கைப் பிடித்தால் அவளுக்கு உடம்பில் ஒரு நிமிர்வு வரும். அன்று வரவில்லை. "என் பத்திரிகை 'ஒத்து'வை இன்று முதல் குரல்வாசலுக்குக் கொடுக்கிறேன்" என்றாள். கை தட்டினார்கள்.

பின் வரிசையில் குமாரலிங்கபுரத்து உறுமிக்காரர் பால்ச்சாமி எழுந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மைக் இல்லாமலே மண்டபம் கேட்கக் கேட்டார்.

"ஏந்தாயி, எங்க பேரையும் சேத்துக் குடுத்துட்டியா?"

ஜெகதீஸ்வரி வாயைத் திறந்தாள். காரணத்தைச் சொன்னால் லைவ்வில் போய்விடும். வாயை மூடிக்கொண்டாள். பால்ச்சாமி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனார். அவர் பின்னாலேயே மேளக்காரர்கள் நாலைந்து பேர் சாப்பிடாமல் எழுந்து போனார்கள். ஹரிஹரசுதன் முகத்தில் காறித் துப்பியிருந்தாலும் அந்தப் பார்வை அளவுக்கு வலித்திருக்காது.

அவளும் சாப்பிடவில்லை. கேடயத்தை மண்டபத்திலேயே போட்டுவிட்டு, கழுத்தில் மாலைச் சரிகை ஒட்டியிருக்கத் திருச்சுழி பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸில் குரல்வாசல்தான் ஓடியது. குரலரசியின் பெருந்தன்மையைப் பற்றி ஒருத்தி குழைந்துகொண்டிருந்தாள். ஜெகதீஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, காய்ந்த கரிசல் வழி நெடுக அவர்களைத் திட்டித் தீர்த்துக்கொண்டே போனாள்.

ஒச்சம்மாள் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "எடுத்தாச்சுக்கா" என்றாள் ஜெகதீஸ்வரி. ஒச்சம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து நாகஜோதியின் சத்தம் கேட்டது.

"பெரியம்மா, பாத்தீகளா இந்த அநியாயத்த? அந்தத் தாலாட்ட எடுத்துட்டான் படுபாவி! பிள்ளை ஒரே அழுக. நல்லவேளை, எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு."

தொட்டிலை ஆட்டிக்கொண்டு அவள் பாட ஆரம்பித்தாள். சின்ன வயது, நல்ல குரல். கருவேலங் காட்டுக்குள்ள கண்ணசந்த ராசாவே.

பத்திரிகையைக் கொடுத்தாயிற்று, மானத்தைக் கொடுத்தாயிற்று, பாட்டு இங்கே இந்தப் பெண்ணின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. இவள் ஒருத்தி வாயில் மட்டுமா? எத்தனை ஊரில், எத்தனை தொட்டிலில்? இதை எந்த ஹரிஹரசுதனிடம் போய் எடுக்கச் சொல்வது? ஜெகதீஸ்வரிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒச்சம்மாள் விறுவிறுவென்று அந்த வீட்டுக்குள் போனாள். ஜெகதீஸ்வரியும் பின்னால் ஓடினாள். ஒச்சம்மாள் நாகஜோதியின் கையிலிருந்து தொட்டில் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"அதில்லடி. நான் பாடுறேன் கேளு." அதே மெட்டில் எடுத்தாள். குரல் முதலில் பிசிறு தட்டி, பிறகு நிலைக்கு வந்தது.

*கருவேலங் காட்டத் தாண்டிக் கண்முழிச்ச ராசாவே*
*ஆத்தா கூப்புட்டா அடியெடுத்து வாருவியே*
*எழுப்புங்க எம்மகன எல்லாரும் எழுப்புங்க...*

நாகஜோதி சிரித்தாள். "என்ன பெரியம்மா, தூங்க வைக்கிற பாட்டுல எழுப்புங்கன்னு வருது?"

"தூங்குனா எந்திரிக்கணும்லடி" என்றாள் ஒச்சம்மாள். "இதான் சரியான பாட்டு. போனுல வந்தது தப்பு. தெரிஞ்சவ தெரியாதவ எல்லாருக்கும் சொல்லு, இப்படித்தான் பாடணும்னு."

"தப்பா? அம்புட்டுப் பேரு கேக்குறதத் தப்புத் தப்பாவா போடுவாக? எந்தக் கூறுகெட்டவ அதப் பதிவு பண்ணுனாளாம்?"

ஒச்சம்மாள் பாட்டை நிறுத்திவிட்டு ஜெகதீஸ்வரியைப் பார்த்தாள். ஒரு பெயரின் ஒற்றெழுத்து பிசகினாலும் அடுத்த இதழில் மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் போட்டவள் ஜெகதீஸ்வரி. அவள் செய்த பதிவிலேயே இதுதான் துளி பிசகு இல்லாதது. ஹரி வெட்டியது என்று சொல்ல நாக்குத் துடித்தது. சொன்னால், எதை வெட்டினான் என்று இந்தப் பெண் கேட்பாள்.

"நாந்தாம்மா பதிவு பண்ணுனேன்" என்றாள்.

நாகஜோதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்தில் ஒட்டியிருந்த சரிகையையும் பார்த்தாள். "படிச்சவுக மாதிரி இருக்கீக. பச்சப்பிள்ளைக கேக்குற பாட்டு, வெசாரிச்சுப் பதிவு பண்ண வேண்டாமா?"

"வேணும். தப்புத்தான்" என்றாள் ஜெகதீஸ்வரி, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒச்சம்மாள் மறுபடி ஆரம்பித்தாள். நாகஜோதியும் கூடச் சேர்ந்து புது வரிகளைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை தூங்கிப்போனது. கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. ஜெகதீஸ்வரி அசையவில்லை, சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். தொட்டில் ஆடி ஓய்ந்த பிறகும் ஒச்சம்மாள் கயிற்றை விடவில்லை. பிள்ளை சிணுங்கிக் கண் விழிக்கும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.